ஆன்மாவுக்கு ஆண், பெண் உண்டோ?

மகாவீர ஜயந்தி நாளொன்றில் எங்கள் ஊர் ஜிநாலயத்தில் அபிஷேகமும் பூஜையும் நிறைவுற்றபின் அறவுரை நிகழ்ந்தது. பேசிய அன்பர் வினைக்கட்டின் வகைகளை விளக்கி வருகையில், "வஞ்சனையும் பொய்யும் பொறாமையும் மிகுந்தவர் மறுமையில் பெண்ணாய்ப் பிறப்பர்" என்று ஒரு வாக்கியம் கூறிவிட்டு, அடுத்த செய்திக்குச் சென்றுவிட்டார். கேட்டிருந்த நாங்களும் அதனைக் கடந்து சென்றுவிட்டோம். என் பேத்தி மட்டும் கடந்து செல்லவில்லை.

வீடு திரும்பும் வழியில் அவள் கேட்டாள்: "தாத்தா, போன பிறவியில் நான் வஞ்சனை செய்ததால்தான் பெண்ணாகப் பிறந்தேனா? அண்ணன் புண்ணியம் செய்ததால்தான் ஆணாகப் பிறந்தானா?"

அவளுக்கு அப்போது பதினைந்து வயது. அன்று அவள் ஒருவேளை உணவோடு நோன்பிருந்தாள். அவள் அண்ணனோ காலையிலேயே இட்லி உண்டுவிட்டு, பூஜை பாதி நடக்கையில் ஆலயத்துள் நுழைந்தவன். எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. "ஆகமத்தைப் பார்த்துச் சொல்கிறேன் அம்மா" என்றேன். அவ்வாறு பார்த்ததன் பயனே இக்கட்டுரை. இத்தகைய வினா நம் இல்லங்கள் பலவற்றிலும் எழுந்திருக்கும். எழாத இல்லங்களில் அது வாய்விட்டுக் கேட்கப்படாமல் உள்ளத்தில் தங்கியிருக்கும். ஆதலின், நல்லறத்தீர், இதனைச் சற்றுப் பொறுமையுடன் ஆராய்வோம்.

வேதம் மூன்று

நம் ஆகமங்கள் 'வேதம்' என்னும் சொல்லை வைதிகர் கூறும் மறைநூல் என்ற பொருளில் அன்றி, வேறொரு பொருளிலும் வழங்குகின்றன. உயிர் தன்னை ஆண் என்றோ பெண் என்றோ அலி என்றோ உணர்ந்து, அவ்வுணர்வின் வழியே வேட்கை கொள்வது வேதம் எனப்படும். ஸ்திரீ வேதம், புருஷ வேதம், நபும்சக வேதம் என அது மூவகைப்படும். இது மோகனீய கர்மத்தைச் சார்ந்தது. சிரிப்பு, விருப்பு, வெறுப்பு, துயரம், அச்சம், அருவருப்பு ஆகிய ஆறனோடும் சேர்ந்து நோகஷாயங்கள் ஒன்பது என எண்ணப்படுவது. உடலின் அமைப்போ வேறு. அது நாம கர்மத்தின் பயன். உடலால் அமைவது திரவிய வேதம் என்றும், உள்ளத்தால் உணர்வது பாவ வேதம் என்றும் நம் ஆசிரியர்கள் பிரித்தறிந்தனர். ஆண், பெண் என்ற பேச்சில் உடல், உணர்வு, ஆன்மா என மூன்று அடுக்குகள் உள்ளன என்பதையும், முன்னிரண்டும் வினையைச் சார்ந்தவை என்பதையும் முதற்கண் நினைவிற் கொள்ள வேண்டும்.

இனி, புருஷ வேதம் புண்ணியமா? உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் புண்ணியப் பிரகிருதிகளைத் தொகுக்கும் இடத்தில், நம் திகம்பர மரபு ஓதிவரும் பாடத்தின்படி, இன்பம் தரும் வேதனீயம், நல்ல ஆயுள், நல்ல நாமம், நல்ல கோத்திரம் ஆகிய நான்கே இடம்பெறுகின்றன. மோகனீயத்தின் எந்தப் பிரிவும் அதில் இல்லை. அஃதாவது, ஆணென்னும் உணர்வைத் தரும் புருஷ வேதமும், பெண்ணென்னும் உணர்வைத் தரும் ஸ்திரீ வேதமும் ஒருசேரப் பாபப் பிரகிருதிகளே. ஒன்று கடுமையானது, மற்றொன்று அத்துணைக் கடுமையற்றது என்று கூறலாம். ஒன்று தண்டனை, மற்றொன்று பரிசு என்று கூறுதற்கு இடமில்லை.

நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்திகள் கோம்மடசாரத்தில் இம்மூன்று வேதங்களையும் மூன்று நெருப்புகளுக்கு ஒப்பிடுகிறார். ஆணின் வேட்கை புல்லில் பற்றிய தீ. பெண்ணின் வேட்கை எருவில் கனலும் தீ. அலியின் வேட்கை செங்கற்சூளைத் தீ. இம்மூன்றையும் கடந்து, தன்னுள்ளே எழும் இன்பத்தில் நிற்போரை வேதமற்றோர் என அவர் போற்றுகிறார். புல்லில் பற்றிய தீ விரைந்து அவியும் என்பது உண்மை. ஆனால், தன் கூரையில் பற்றியது புல் தீதானே என்று எவரேனும் பெருமை கொள்வரோ?

அவ்வாசிரியரே மற்றொன்றும் கூறுகிறார்: உடலின் வேதமும் உள்ளத்தின் வேதமும் பெரும்பாலும் ஒத்திருக்கும், சிற்சில இடங்களில் மாறுபட்டும் இருக்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இதனை ஒரு சாதாரண உண்மையாக எழுதிவைத்த சமயம் நம்முடையது. 2014-ஆம் ஆண்டில் நம் நாட்டு உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தவரின் உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தபோது, இது எங்கிருந்தோ வந்த புதுமை என்று நம்மில் சிலர் முகம் சுளித்தனர். நம் வீட்டிலுள்ள நூலை நாம் திறந்து பார்க்கவில்லை என்பதே அதன் பொருள். உடலொன்றும் உணர்வொன்றுமாய்ப் பிறந்த உயிரை எள்ளுதல், அதன் வினைப்பயனை எள்ளுதலே அன்றி வேறன்று.

தடை எங்கே உள்ளது?

இவ்வளவும் கூறியபின், மறைக்காமல் கூறவேண்டியது ஒன்றுண்டு. பெண்ணுடலோடு வீடுபேறு இல்லை என்பது நம் திகம்பர மரபின் துணிபு. பொன்னூர் மலையில் தவமிருந்தவர் என நாம் வணங்கும் குந்தகுந்த ஆசாரியரே சூத்திர பாகுடத்தில் பெண்டிர்க்கு முழுத்துறவை மறுக்கிறார். பெண்ணுடலில் நுண்ணுயிர்கள் தோன்றி மடிதலையும், மாதவிடாயையும், அதனால் உள்ளம் கவலையுறுதலையும் அவர் காரணமாகக் காட்டுகிறார். ஆடையைத் துறக்க இயலாமை மற்றொரு காரணம். ஆர்யிகையர் ஏற்பது உபசார மகாவிரதம். அவர்தம் நிலை ஐந்தாம் குணஸ்தானம் என்பதே நம் சித்தாந்தம்.

சுவேதாம்பரர் இதனை ஏற்கவில்லை. பத்தொன்பதாம் தீர்த்தங்கரராகிய மல்லி பெண்ணே என்பர் அவர். நமக்கோ அவர் மல்லிநாத சுவாமி. ஆதிபகவானின் தாயாகிய மருதேவியாரே இவ்வூழியில் முதலில் வீடு பெற்றவர் என்பதும் அவர்தம் கொள்கை. இரு மரபிற்கும் இடையே நின்ற யாபனீயர், துறவொழுக்கத்தில் நம்மை ஒத்தும், இவ்வொன்றில் அவர்களை ஒத்தும் இருந்தனர். ஒன்பதாம் நூற்றாண்டினராகிய யாபனீய ஆசிரியர் சாகடாயனர் பெண்டிர் வீடுபேற்றை நிறுவத் தனி நூலே இயற்றினார். அவர் தொடுத்த வினாக்களுள் கூர்மையானது இது: பற்றே பரிக்கிரகம் என்பது இரு சாராரும் ஏற்கும் சூத்திரம்; அவ்வாறாயின், பற்றின்றி உடுக்கும் ஆடை எங்ஙனம் பரிக்கிரகமாகும்? பதினொன்றாம் நூற்றாண்டில் பிரபாசந்திரர் நம் மரபின் சார்பில் விரிவாக மறுமொழி கூறினார். ஆடையைத் தேடுதலும், தோய்த்தலும், இழந்தால் இரத்தலும் பற்றின்றி நிகழா என்பது அவர் வாதத்தின் சாரம்.

இவ்வழக்கைத் தீர்க்கும் தகுதி எனக்கில்லை. நான் பிறந்த மரபை நான் ஏற்றுள்ளேன். ஆயினும், ஏற்றதன் பொருளைச் சரியாக அறிந்து ஏற்றுள்ளோமா என்று கேட்பது கடமையாகும். நம் நூல்கள் கூறும் தடை ஆன்மாவின்மீது வைக்கப்பட்டதன்று, உடலின்மீது வைக்கப்பட்டது. உச்ச நிலைத் தவத்தைத் தாங்க வஜ்ர வ்ருஷப நாராசம் என்னும் முதற்பெரும் எலும்புக்கட்டு வேண்டும் என்பர். கருமபூமிப் பெண்டிர்க்கு ஆறு எலும்புக்கட்டுகளுள் இறுதி மூன்றே உண்டு என்று கோம்மடசாரம் கூறும். சரி. இப்பஞ்சம காலத்தில் ஆடவர்க்கு எத்தனை? அவர்க்கும் அதே இறுதி மூன்றுதான். இக்காலத்தில் பரத கண்டத்தில் பிறந்த எவருக்கும் இவ்வுடலோடு வீடுபேறு இல்லை. கேவல ஞானப் பரம்பரை ஜம்புசுவாமிகளோடு நின்றது என்பதும் நம் கொள்கையே. ஆகவே, இன்று எங்கள் ஊர் ஜிநாலயத்தில் இடப்புறம் அமர்ந்த பெண்ணும், வலப்புறம் அமர்ந்த ஆணும், மேடையில் நின்று பேசிய அன்பரும், அவ்வுரையைக் கேட்ட நானும் ஒரே கதவின் வெளிப்புறத்தில்தான் நிற்கிறோம். அக்கதவின் முன் நின்றுகொண்டு, "உனக்கு அடைப்பு, எனக்குத் திறப்பு" என்று ஓர் ஆடவன் பேசுதல் நகைப்பிற்குரியது.

இன்னுமொன்று. சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், நற்காட்சியுடையோர் மறுமையில் பெண்ணாகவோ அலியாகவோ பிறவார் என்கிறார். அருங்கலச்செப்பை மனப்பாடம் செய்த நம் வீட்டார் அனைவரும் இதனை அறிவர். இதனைக் கொண்டுதான் மேடைகளில் பெண் பிறவி பழிக்கப்படுகிறது. ஆனால் இக்கூற்று சொல்வது என்ன? பெண்ணாய்ப் பிறந்த உயிர், பிறந்த அக்கணத்தில் நற்காட்சி இல்லாதிருந்தது என்பது மட்டுமே. பிறந்தபின் அவள் நற்காட்சி பெறுதற்கு அவர் எத்தடையும் கூறவில்லை. அதே நூலில் அதே ஆசிரியர், மோகமற்ற இல்லறத்தான் மோகமுடைய முனிவனினும் மேலானவன் என்றும் துணிந்து கூறுகிறார். நற்காட்சியைக் கெடுக்கும் எட்டு மதங்களையும் எண்ணுகிறார். அறிவு, மதிப்பு, குலம், சாதி, வலிமை, செல்வம், தவம் ஆகியவற்றோடு எட்டாவதாக அவர் வைப்பது உடல் பற்றிய செருக்கு. ஆணுடல் பெற்றேன் என்று செருக்குறுவோன் எவனோ, அவன் நற்காட்சிக்கு அச்செருக்கே மாசு. நற்காட்சியை மாசுபடுத்திக்கொண்டவன் மறுமையில் எவ்வுடல் பெறுவான் என்பதை நான் கூற வேண்டுவதில்லை.

குந்தகுந்தரிடமே மீண்டும் செல்வோம். அவரே சமயசாரத்திலும் பிரவசனசாரத்திலும் ஆன்மாவைக் குறிக்கையில், அது சுவையற்றது, உருவற்றது, மணமற்றது, எந்த லிங்கத்தாலும் பற்றப்படாதது என்கிறார். லிங்கம் என்பது அடையாளம். பிரவசனசாரத்திற்கு உரை கண்ட அமிர்தசந்திர சூரிகள் அவ்வொரு சொல்லுக்கு இருபது பொருள் விரிக்கிறார். அவற்றுள் ஒன்று, ஆன்மாவுக்கு ஆண், பெண், அலி என்னும் வேதங்கள் இல்லை என்பது. உடலைப் பற்றிப் பேசுகையில் தடை கூறிய அதே ஆசாரியர், ஆன்மாவைப் பற்றிப் பேசுகையில் வேறுபாட்டையே அழித்துவிட்டார். முன்னதை நாம் மேடைதோறும் கூறுகிறோம். பின்னதைச் சுவாத்தியாய வகுப்போடு நிறுத்திவிடுகிறோம். பிழை நூலில் இல்லை. நாம் எடுத்தோதும் அளவில் உள்ளது.

நம் நாட்டுக் குரத்தியர்

நம் முன்னோர் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதற்குக் கற்களே சான்று. கழுகுமலைப் பாறையில் திருமேனிகளின் கீழே திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்தியார் முதலிய பெண் ஆசிரியர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. குரத்தி என்பது குரு என்னும் சொல்லின் பெண்பால். குமரி மாவட்டத்துச் சிதறால் மலையில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், பேராயக்குடி அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கியாகிய குணந்தாங்கிக் குரத்திகள் பகவதிக்குப் பொன் அணிகலன் அளித்த செய்தி கல்லில் உள்ளது.

விளாப்பாக்கத்துக் கல்வெட்டு முதலாம் பராந்தக சோழனின் 38-ஆம் ஆட்சியாண்டினது. ஏறத்தாழ 945-ஆம் ஆண்டு. திருப்பான்மலை அரிட்டநேமி அடிகளின் மாணாக்கியாகிய பட்டினிக் குரத்தியடிகள் அங்கே கிணறு ஒன்று தோண்டுவித்தார். அக்கிணறும் மனையும் பெண்பள்ளியாக அமைந்தன. பெண்டிர்க்கெனப் பள்ளி, பெண்ணே அதற்கு முதல்வி. பத்தாம் நூற்றாண்டில், நம் வட ஆர்க்காட்டில்!

வந்தவாசியை அடுத்த வேடல் கல்வெட்டு இன்னும் வியப்புக்குரியது. முதலாம் ஆதித்த சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டில், அங்கிருந்த கனகவீரக் குரத்தியாரும் அவர்தம் மாணாக்கியர் ஐந்நூற்றுவரும் ஒரு பக்கமும், நானூற்றுவர் மறுபக்கமுமாகப் பிணக்குற்றனர். ஊரார் முன்வந்து குரத்தியாரின் கூட்டத்தைக் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஏற்றனர். பிணக்கின் காரணம் எதுவாயினும் ஆகுக. ஒரு பெண் ஆசிரியரைச் சூழ்ந்து ஐந்நூறு மாணாக்கியர் இருந்தனர் என்பதும், "பெண்டிர்க்கு இது எதற்கு?" என்று கேளாமல் ஊர் அவர்களுக்குச் சோறிட்டது என்பதும் நாம் கருத வேண்டியவை. அவ்வூராரும் பெண்ணுடலோடு வீடுபேறு இல்லை என்னும் மரபை அறிந்தவர்களே ஆவர். அறிந்தும் சோறிட்டனர்.

இலக்கியமும் இதற்கு மாறுபடவில்லை. கோவலனையும் கண்ணகியையும் புகாரிலிருந்து மதுரைக்கு அழைத்துச் சென்று, மாதரியிடம் அடைக்கலம் தந்து, அவர்தம் முடிவு கேட்டு உண்ணாநோன்பால் உயிர்துறந்த கவுந்தியடிகள் நம் சமயத்துப் பெண் துறவி. சிந்தாமணியில் விசயையும் சுநந்தையும் துறவு பூண்கின்றனர். நீலகேசியோ எச்சங்கத்திலும் சேர்ந்தவளல்லள். பழையனூர்ப் பேயாகத் தோன்றி, முனிச்சந்திரரால் அறம் உணர்ந்து, குண்டலகேசி முதலாகப் பல சமயத்தாரையும் அவர்தம் இடத்திற்கே சென்று வாதில் வென்றவள். நம் சமயத்தின் தருக்க நூலை உலகிற்கு எடுத்துரைக்க அவ்வாசிரியர் தேர்ந்த வாய் ஒரு பெண்ணின் வாய். அவளுக்கு எந்தப் பட்டமும் எந்த மடமும் தரவில்லை; அவள் கற்ற கல்வியே அவளுக்கு மடமாயிற்று.

நம் காலத்திலும் ஞானமதி மாதாஜி 1956-இல் ஆர்யிகா தீட்சை ஏற்று, வித்தியானந்தரின் அஷ்டசஹஸ்ரி என்னும் கடுமையான தருக்க நூலை இந்தியில் பெயர்த்து, அத்தினாபுரத்தில் ஜம்புத்வீப அமைப்பையும் உருவாக்கினார். ஐந்தாம் குணஸ்தானம் என்று நாம் எல்லையிட்ட நிலையில் நின்றே இத்தனையும் நிகழ்ந்தன.

திண்ணையில் ஒரு பள்ளி

இனி என் குடும்பத்துச் செய்தி ஒன்று. என் தந்தையாரின் தமக்கை, என் அத்தை, இளமையிலேயே கணவரை இழந்தவர். ஒருமுறை ஆர்யிகையர் சிலர் விகாரமாக எங்கள் ஊர்ப்பக்கம் வந்தபோது, தாமும் அவர்களோடு சென்று தீட்சை பெற விழைந்தார். குடும்பத்துப் பெரியவர் ஒருவர், "வீடுபேறு இல்லாத பிறவிக்குத் துறவு எதற்கு?" என்று கேட்டுத் தடுத்துவிட்டார். அத்தை எதிர்த்துப் பேசவில்லை. அதன்பின் இரண்டே வெள்ளைப் புடவைகளும், இரவுண்ணாமையும், அட்டமி சதுர்த்தசி நோன்பும், மூன்று வேளைச் சாமாயிகமுமாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எங்கள் வீட்டிலேயே வாழ்ந்தார்.

ஆலயத்தில் அவருக்கென ஒரு நாளும் ஒரு சொல் பேச இடம் தரப்படவில்லை. ஆனால் நண்பகல் கழிந்து வெயில் தாழ்ந்தபின் எங்கள் திண்ணையில் ஊர்ப்பெண்கள் வந்து அமர்வர். அருங்கலச்செப்பையும் ஸ்ரீபுராணக் கதைகளையும் அவரிடம் கேட்டே அவர்கள் கற்றனர். இன்று எங்கள் ஊரில் நமோகாரத்தைப் பிழையின்றிச் சொல்லும் முதியோர் பெரும்பாலோர் அத்திண்ணையில் பயின்ற தாயரின் மக்களே. தருமம் எங்கள் ஊரில் கருவறையில் மட்டும் வாழவில்லை, அத்திண்ணையிலும் வாழ்ந்தது.

ஒருநாள் நான் அவரிடம் கேட்டேன்: "அத்தை, இந்தப் பிறவியில் வீடுபேறு இல்லை என்று தெரிந்தும் ஏன் இவ்வளவு வருத்திக்கொள்கிறீர்கள்?"

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்தப் போகம் விளையாது என்று தெரிந்தால், வரப்பை உடையவிட்டு விடுவார்களா தம்பி? அடுத்த போகத்துக்கு நிலம் வேண்டாமா?"

அவர் 1971-இல் சிறுகச் சிறுக உணவைக் குறைத்து, நீரையும் விடுத்து, அமைதியாக உயிர் நீத்தார். அவரைத் தடுத்த பெரியவருக்கு அத்தகைய மரணம் வாய்க்கவில்லை. இதனைப் பழியாகக் கூறவில்லை. எவ்வுயிர் எந்நிலையில் நிற்கிறது என்பதை உடலைக் கொண்டு அளத்தல் இயலாது என்பதற்காகவே கூறுகிறேன். எனினும் ஒரு வருத்தம் எனக்கு என்றும் உண்டு. திண்ணையில் அவர் செய்தது பெரிது என்று இன்று நான் எழுதுவது எளிது. அவர் விரும்பியது திண்ணையை அன்று, பிச்சியையும் கமண்டலத்தையும். அதனை அவருக்கு மறுத்தது ஆகமம் அன்று. ஆகமம் ஆர்யிகையாக அவரை வரவேற்றிருக்கும். மறுத்தவர்கள் நாங்கள்.

செய்யத்தக்கது

சங்கம் என்பது நான்கு கால்களில் நிற்பது: முனிவர், ஆர்யிகையர், சிராவகர், சிராவகியர். வர்த்தமான பகவானின் சமவசரணத்தில் சந்தனையார் தலைமையில் ஆர்யிகையர் 36,000 பேர் இருந்தனர் என நூல்கள் கூறும். சிராவகர் ஓரிலக்கம், சிராவகியர் மூவிலக்கம். பகவானின் சபையிலேயே பெண்டிர் மிகுந்திருந்தனர். நம் ஆலயங்களிலும் நோன்பிலும் ஆகார தானத்திலும் இன்று அவர்களே மிகுந்துள்ளனர். பேசுவோர் வரிசையிலும் முடிவு செய்வோர் வரிசையிலும் மட்டும் அவர்கள் எண்ணிக்கை சுருங்குவானேன்? இதற்கு ஆகமத்தில் ஆதாரம் தேடினேன், கிடைக்கவில்லை.

ஆகவே, மரபை மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மரபை முழுமையாகப் படிக்க வேண்டும் என்றே கேட்கிறேன். பெண்மக்களுக்குக் கோலமும் பாட்டும் மட்டும் கற்பித்து நிறுத்தாமல், தத்துவார்த்த சூத்திரமும் கோம்மடசாரமும் கற்பிப்போம். ஆலயத்து அறவுரையில் அவர்களும் பேசட்டும். துறவு விழையும் பெண்ணிடம் "உனக்கு எதற்கு?" என்று கேளாதிருப்போம். பெண் பிறவியின் காரணத்தை மேடையில் கூறுவோர், ஆண் வேதமும் பாபப் பிரகிருதியே என்பதை அதே மூச்சில் கூறட்டும்.

என் பேத்திக்கு நான் இறுதியில் கூறிய விடை இது: "அம்மா, நீ பெண்ணாகப் பிறந்ததும் உன் அண்ணன் ஆணாகப் பிறந்ததும் வினையின் பயன்தான். இருவருக்கும் அது சட்டை. உன் சட்டைக்காக நீ நாணவும் வேண்டாம். அவன் சட்டைக்காக அவன் செருக்கவும் வேண்டாம். உள்ளே இருப்பதற்குச் சட்டையே இல்லை."

அவள் சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் இதை அடுத்த ஜயந்தியில் நானே பேசட்டுமா தாத்தா?" என்றாள். ஆலய நிருவாகிகளிடம் இதனைக் கேட்டுள்ளேன். விடை இன்னும் வரவில்லை.

இப்பஞ்சம காலத்தின் இறுதி நாளைப் பற்றி நம் நூல்கள் ஒரு செய்தி கூறுகின்றன. அன்று அறம் நான்கே உயிர்களில் எஞ்சி நிற்கும்: வீராங்கஜர் என்னும் முனிவர், சர்வஸ்ரீ என்னும் ஆர்யிகை, அக்கிலன் என்னும் சிராவகன், பங்குஸ்ரீ என்னும் சிராவகி. அரசன் முனிவரின் முதற்கவளத்தையே வரியாகக் கேட்க, நால்வரும் சல்லேகனை ஏற்று உயிர் துறப்பர். அத்தோடு அறம் மறையும். உலகில் அறத்தின் கடைசி விளக்கைத் தாங்கி நிற்கும் கைகளுள் பாதி பெண்டிர் கைகள். இறுதி நாளில் அவர்களை நம்பும் தருமம், இன்று அவர்களை நம்பத் தயங்குமோ?

வளர்க நல்லறம்.